கூரையும் லயமும் – இலங்கையின் மண்சார்ந்த கட்டடக்கலை குறித்து

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய மாவட்டங்களைக் குறிப்பிடும்போது திருச்சிராப்பள்ளியோடு சேர்த்துத் தவறாமல் சொல்லப்படும் பெயர் சேலம். மழை பொய்த்த ஆண்டுகளில் இப்பக்கத்து மக்கள் மூட்டை முடிச்சுகளோடு 'கண்டிச்சீமை'க்குப் போன கதை ஆத்தூர் வட்டாரத்தில் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. ஆகவே கடலுக்கு அப்பால் உள்ள அத்தீவின் வீடுகளையும் கூரைகளையும் பற்றி வசிஷ்ட நதிக்கரையிலிருந்து பேசுவதற்கு நமக்கும் சிறிது உரிமை உண்டென்றே கருதுகிறோம்.

வெப்ப மண்டலத் தீவுகளில் அந்தந்த மண்ணோடும் மரபோடும் பொருந்திய கட்டடங்கள் என்று பேச்சு எழுந்தால், உலகெங்கும் முதலில் சொல்லப்படும் பெயர் ஜெஃப்ரி பாவா. 2001-ஆம் ஆண்டில் ஆகாகான் கட்டடக்கலை விருதுக் குழு அவருடைய வாழ்நாள் பணிக்காகச் சிறப்பு விருது வழங்கியது. பாலித் தீவு முதல் மாலத்தீவு வரை விடுதிகளில் இன்று காணும் நீண்ட இறவாரங்களுக்கும், அறைக்கும் தோட்டத்துக்கும் இடையே எல்லை கரைந்துபோகும் தாழ்வாரங்களுக்கும் அவர் ஒரு முன்னோடி. இதில் நமக்கு மறுப்பில்லை. நமக்குள்ள கேள்வி வேறு. மண்ணில் வேர்கொண்ட கட்டடம் என்கிறோமே, ஒரே மண்ணில் பலருடைய வேர்கள் பின்னிக் கிடக்கும்போது எந்த வேரை எண்ணி அவ்வாறு சொல்கிறோம்? இலங்கையில் இந்தக் கேள்வி வெறும் அழகியல் விவாதமாக நின்றுவிடவில்லை.

கதை பாவாவிடம் தொடங்கவில்லை. கண்டியில், மினெட் தி சில்வா என்ற பெண்மணியிடம் தொடங்குகிறது.

1918-இல் பிறந்த மினெட்டின் தந்தை ஜார்ஜ் இ. தி சில்வா கண்டியின் அரசியல் பிரமுகர், சிங்களவர். தாய் ஆக்னஸ் நெல் பறங்கியர் சமூகத்தவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று போராடியவர். டொனமூர் ஆணைக்குழு முன்பாக அப்பெண்கள் சாட்சியம் அளித்தபோது, தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று வினவப்பட்டதாம். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்பதே ஆக்னஸ் தந்த விடை. 1931-இல் தீவில் வயது வந்தோர் அனைவருக்குமான வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது. இதை ஏன் ஒரு கட்டடக்கலைக் கட்டுரையில் சொல்கிறோம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம்.

மினெட் பம்பாயில் ஜே.ஜே. பள்ளியில் கட்டடக்கலை பயின்றார். காந்தியடிகள் கைதானபோது நிகழ்ந்த போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக வெளியேற்றப்பட்டார். 1946-இல் முல்க் ராஜ் ஆனந்துடன் சேர்ந்து 'மார்க்' கலை இதழைத் தொடங்கியவர்களில் அவரும் அவருடைய சகோதரி அனிலும் உண்டு. பின்னர் லண்டன் சென்று படிப்பை முடித்து, 1948-இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர். லெ கொர்பூசியேயுடன் நெடுங்காலக் கடிதத் தொடர்பு கொண்டிருந்த இவர் விரும்பியிருந்தால் லண்டனிலேயே தங்கியிருக்கலாம். ஊர் திரும்பி, தந்தையின் கண்டி வீட்டிலிருந்தே தொழில் தொடங்கினார்.

அவருடைய முதல் வீடு கண்டி மலைச்சரிவில் 1949-க்கும் 1951-க்கும் இடையே எழுந்த கருணாரத்ன இல்லம். சரிவை வெட்டிச் சமன்படுத்தாமல், சரிவின் போக்கிலேயே தளங்களை மேலும் கீழுமாக அமைத்தார். தும்பறைப் பாய் நெசவாளர்களின் நெசவைக் கதவுப் பலகைகளில் பதித்தார். கண்டி நடனக்காரர்களின் உருவம் தாங்கிய சுடுமண் ஓடுகளைச் செய்வித்தார். ஓவியர் ஜார்ஜ் கீற்றின் சுவரோவியமும் அவ்வீட்டில் இடம்பெற்றது. கற்காரையும் கண்ணாடியும் ஒரு பக்கம், அழிந்துகொண்டிருந்த கைவினைகள் மறுபக்கம். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைக்கும் இம்முயற்சிக்கு 'நவீன வட்டாரவியம்' என்று பொருள்படும் ஒரு பெயரையும் அவரே சூட்டினார். பிற்காலத்தில் மேனாட்டுப் பேராசிரியர்கள் இதே கருத்தைப் பெரிய கோட்பாடாக எழுதியபோது கண்டிப் பெண்மணியின் பெயர் அதில் காணப்படவில்லை. நமக்கு இது வியப்பளிக்கவில்லை.

நம் நோக்கில் அவருடைய ஆகச் சிறந்த பணி 1955-58 காலத்தில் கண்டிக்கருகே அமைந்த வத்தப்புளுவ வீட்டுத் திட்டம். அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பு அது. சிங்களர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என எல்லாரும் அதில் குடியேறவிருந்தனர். குடியேறப் போகிறவர்களிடம் முதலில் வினாத்தாள் கொடுத்து, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன தேவை, எவ்வளவு பணம் கையில் இருக்கிறது என்றெல்லாம் எழுதி வாங்கிய பிறகே அவர் வரைபடம் போட்டார். ஒரே அச்சில் வார்க்காமல் பல வகை வீடுகளை வகுத்தார். 'மரபு' என்பதை ஓலைச்சுவடியிலும் இடிபாடுகளிலும் தேடுவோர் பலர். குடியிருக்கப் போகிறவரிடமே போய்க் கேட்டவர் மிகச் சிலர்.

1958-இல் மினெட்டிடம் பணிபுரியவென்று டென்மார்க்கிலிருந்து உல்ரிக் பிளெஸ்னர் என்ற இளைஞர் கண்டிக்கு வந்தார். சிறிது காலத்தில் அவர் கொழும்புக்குச் சென்று பாவாவோடு சேர்ந்துகொண்டார். வரலாற்றின் ஒளிவட்டமும் அவரோடு கொழும்புக்கு இடம்பெயர்ந்துவிட்டது எனலாம். மினெட் 1998-இல் வறுமையிலும் தனிமையிலும் கண்டியில் காலமானார்.

பாவா 1919-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தைவழியில் முஸ்லிம், ஐரோப்பியக் கலப்பு, தாய்வழியில் பறங்கியர். (பாவா என்ற பெயர் நம்மூர்த் தர்காக்களில் புழங்கும் பெயர்தான் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.) கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, பிறகு சட்டம் படித்து, வழக்கறிஞராகி, அதுவும் சலித்து, 1948-இல் பெந்தோட்டைக்கருகே லுனுகங்க என்ற தோட்டத்தை வாங்கினார். அங்கே ஒரு சோலையை அமைக்க வேண்டுமென்ற ஆசைதான் அவரைக் கட்டடக்கலைப் படிப்புக்குத் தள்ளியது. 1957-இல் அவர் தகுதிபெற்றபோது வயது முப்பத்தெட்டு. எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற பழைய ஆங்கிலேய நிறுவனத்தில் எஞ்சியிருந்ததை ஏற்று நடத்தத் தொடங்கினார். பெயர்ப்பலகையில் உள்ள மூவரில் ஒருவரும் அப்போது அங்கில்லை.

பிளெஸ்னர், பார்பரா சன்சோனி, லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம் முதலியோர் அந்நிறுவனத்தைச் சூழ்ந்திருந்த கூட்டம். இவர்கள் ஊர் ஊராகச் சென்று பழைய வீடுகளையும் அம்பலங்களையும் விகாரைகளையும் அளந்து வரைந்தார்கள். அந்த அளவெடுப்புகளின் பயன் முதலில் முழுமையாகத் தெரிந்தது கொழும்பில் 1960-62-இல் கட்டப்பட்ட ஈனா தி சில்வா இல்லத்தில். நகர நடுவே ஒரு சிறு மனை. வெளிப்புறம் சுவரெழுப்பி, நடுவில் பெரிய முற்றம் விட்டு, அதைச் சுற்றித் தாழ்வாரங்களையும் அறைகளையும் ஓட்டுக் கூரைக்குள் அமைத்தார்கள். கல் பீடத்தின் மேல் மரத்தூண், முற்றத்தில் மரம். சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழ, நிழலில் கிடந்த குளிர்காற்று அறைகளுக்குள் புகும். மழைநீர் நடுமுற்றத்தில் விழும்.

இதைப் படிக்கும் கொங்கு நாட்டார் எவருக்கும் இது புதியதன்று. நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடு இதுதானே! யாழ்ப்பாணத்தில் இதை நாற்சார் வீடு என்பர், கேரளத்தில் நாலுகெட்டு, கண்டிய வளவுகளிலும் நடுமுற்றம் உண்டு, டச்சுக்காரர்கள் காலியில் கட்டிய வீடுகளிலும் உண்டு. மழையின் அளவு மட்டுமே வேறு. சேலத்துச் சமவெளியில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் பெய்தால் பெரிது. கொழும்பில் 2000-த்தை எளிதில் தாண்டும். ஆகவே அங்கே இறவாரம் இன்னும் தாழ்ந்து நீள்கிறது, கூரையின் சரிவு கூடுகிறது. நீரின் இரு கரையிலும் ஒரே சொற்றொடரை வெவ்வேறு உச்சரிப்பில் பேசுவதைப் போன்றது இது.

கூரையைப் பற்றி ஒரு நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். நாட்டு ஓடு அழகானது, வெப்பத்தைத் தாங்கும். ஆனால் குரங்கு ஏறினாலும் காய் விழுந்தாலும் விலகி ஒழுகும். சிமெண்ட் அட்டை ஒழுகாது. ஆனால் வெயிலில் அதன் கீழ் உட்கார முடியாது, பார்வைக்கும் வறட்சி. பாவாவின் அலுவலகம் நெளிவு அட்டையை முதலில் வேய்ந்து, அதன் நெளிவுகளின் மேல் அரைவட்ட நாட்டு ஓடுகளைப் பதித்தது. அட்டை மழையைத் தடுக்கும், ஓடு வெயிலைத் தடுக்கும். நம்மூரில் அட்டை வந்ததும் ஓட்டைக் களைந்து குப்பையில் கொட்டினோம். அவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். (அந்த அட்டையில் உள்ள கல்நார் நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று நாம் அறிந்தது, நுட்பத்தின் மதிப்பு அதனால் குறைவதில்லை.)

இந்த மண்பற்றுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் காரணமும் இருந்தது என்பதைப் புகழுரைகள் பெரும்பாலும் கடந்துபோகின்றன. 1960-களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. எஃகும் கண்ணாடியும் இறக்குமதி செய்ய வழியில்லை. கையிலிருந்தவை செங்கல், கருங்கல், மரம், ஓடு, கைவினைஞர்களின் திறமை. இல்லாமை ஒரு பாணியை உருவாக்கிற்று.

1960-களின் பிற்பகுதியில் பிளெஸ்னர் விலகினார். அதன்பின் ஏறக்குறைய இருபதாண்டுகள் பாவாவுக்குத் தொழிற்கூட்டாளியாக இருந்தவர் பொறியாளர் டாக்டர் கே. பூலோகசுந்தரம். ஆம், தமிழர். பளபளப்பான படநூல்களில் பாவா காரோட்டுவதையும் சோலையில் அமர்ந்திருப்பதையும் காணலாம்; பூலோகசுந்தரத்தைக் காண்பது அரிது. கட்டடக்கலைஞர் தாளில் ஒரு கோடு இழுக்கிறார். அக்கோடு பருவமழையிலும் இடிந்துவிழாமல் நிற்பதற்கு யாரோ ஒருவர் கணக்குப் போட வேண்டும். ஒருவலையில் 1966-69-இல் எழுந்த எஃகுக் கூட்டுத்தாபன அலுவலகத்தில் மேல்தளம் ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தைவிட வெளியே நீண்டு, தானே தன் கீழுள்ள தளத்துக்கு இறவாரமாகி, நீர்த்தடாகத்தின் மேல் நிற்கிறது. 1976-78-இல் கொழும்பில் எழுந்த அரச ஈட்டு வங்கி அடுக்குமாடி, குளிர்சாதனத்தை நம்பாமல் காற்றோட்டத்தை நம்பி வடிவமைக்கப்பட்டது. ஓட்டுக் கூரையின் அறிவைக் கற்காரைக்குள் கொண்டுவந்த இக்கட்டடங்கள் கூட்டாளிகள் இருவரும் ஒன்றாகப் பணியாற்றிய காலத்தவை. பாவாவின் அலுவலகத்தில் பணியாற்றிப் பின்னர் தனித்துப் புகழ்பெற்றவர்களில் சி. அஞ்சலேந்திரனும் தமிழரே. எஸ்.ஓ.எஸ். சிறார் கிராமங்களை வடிவமைத்த அவரைப் பற்றி டேவிட் ராப்சன் 2009-இல் தனி நூலே எழுதியிருக்கிறார்.

1970-களின் தொடக்கத்தில் இலங்கையில் தனியார் கட்டுமானம் முடங்கியபோது, பாவா இந்தியப் பணிகளை ஏற்றார். சென்னையில் கன்னிமாரா விடுதியின் புதுப்பிப்பு அவற்றுள் ஒன்று. மதுரையில் கோச்சடையருகே ஆலை அதிகாரிகளுக்காகக் கட்டிய மதுரை கிளப் (1971-74) மற்றொன்று. பிற்பாடு அது விடுதியாக மாறியது. உள்ளூர்க் கருங்கல்லும், பழைய வீடுகளிலிருந்து பெயர்த்துவந்த தூண்களும் கதவுகளும் அதில் பயன்பட்டன. கொழும்பில் அவருடைய சொந்த வீட்டிலேயே செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. நகரத்தார் வட்டித்தொழிலுக்காக இலங்கைக்கும் பர்மாவுக்கும் போனார்கள். பர்மாவின் தேக்கு காரைக்குடிக்கு வந்து தூணாயிற்று. காரைக்குடி வீடுகள் பிரிக்கப்பட்டபோது தூண் கொழும்புக்குப் போயிற்று. இத்தூணுக்கு எந்த மண் சொந்த மண்?

பாவா அதிகம் எழுதியவரல்லர். 1968-இல் எழுதிய சிறு குறிப்பொன்றில், இலங்கையின் நல்ல கட்டடங்களை இந்தியம், போர்த்துகீசியம், டச்சு, சிங்களம், கண்டியம், ஆங்கிலேயக் குடியேற்றக்காலம் என்றெல்லாம் குறுக்கிப் பிரிப்பதைத் தாம் விரும்பவில்லை, எல்லாமே இலங்கைக் கட்டடக்கலைதான் என்ற பொருள்பட எழுதினார். பெருந்தன்மையான கூற்று. ஆயினும் அவர் பிரிக்க விரும்பாத பெயர்களின் வரிசையில் 'தமிழ்' என்ற ஒன்று இல்லை; 'இந்தியம்' என்பதற்குள் அது அடங்கிவிட்டது போலும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு இந்தியாவிலிருந்து வந்த விருந்தாளியா, தீவின் பிள்ளையா? குறிப்பில் விடையில்லை.

1979-இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு புதிய நாடாளுமன்றம் கட்டும் பொறுப்பைப் பாவாவிடம் ஒப்படைத்தது. அரசு தேர்ந்தெடுத்த ஊர் கோட்டே. தியவன்னா ஓயாவின் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவிலுள்ள மேட்டைத் தீவாக்கி அதன்மேல் கட்டலாம் என்பது பாவாவின் யோசனை. நடுவே ஒரு பெரிய மண்டபம், அதைச் சூழ ஐந்து சிறு மண்டபங்கள், எல்லாவற்றின் மேலும் செப்புக் கூரை. 1982 ஏப்ரல் 29 அன்று திறப்பு விழா. கூரைகள் கண்டியச் சாயல் கொண்டவை. ராப்சன் அதில் முகலாய ஏரி மாளிகைகளையும் தென்னிந்தியக் கோயில்களையும் சீன அரண்மனைகளையும்கூடக் காண்கிறார். கண்ணுக்கு அது மிக அழகிய கட்டடம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் கோட்டே வெறும் சதுப்பு நிலமன்று. பதினான்காம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளை எதிர்க்கவென்று அழகக்கோனார் எழுப்பிய அரண் அது. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு அங்கிருந்து தீவு முழுவதையும் ஆண்டான். அவனுடைய வளர்ப்பு மகன் சப்புமல் குமாரயா, நம் வழக்கில் செண்பகப் பெருமாள், 1450-ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தை வென்றான். தீவு ஒரே சிங்கள முடியின் கீழ் இருந்த கடைசிக் காலத்தின் தலைநகரம் என்ற நினைவு அவ்விடத்துக்கு உண்டு. அமெரிக்க அறிஞர் லாரன்ஸ் வேல் 1992-இல் வெளியான தம் நூலில் இந்த இடத்தேர்வையும் வடிவத்தையும் கடுமையாக ஆராய்ந்தார். நாம் அவரோடு ஒத்துப்போகிறோம்; ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். அழகக்கோனாரின் குடும்பமே தென்னிந்தியாவிலிருந்து வந்தது. தமிழரசைத் தடுக்கக் கட்டிய மதிலின் அடிக்கல்லிலும் கடல் கடந்த வேர்தான் கிடந்தது. அரசுகள் இத்தகைய செய்திகளை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அந்த ஏரி தோண்டப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான், 1981 மே 31 இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. அதுவும் மண்ணில் வேர்கொண்ட ஒரு கட்டடந்தான். சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் திராவிடச் சாயலில் வடிவமைத்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் ஆலோசனை பெற்றது, 1959-இல் திறக்கப்பட்டது. தீவின் படநூல்கள் அதைக் கட்டடக்கலையாகக் கணக்கில் எடுப்பது அரிது. எரிந்த பின்னர் அரசியலாக மட்டுமே எடுத்துக்கொண்டன.

1977 தேர்தலில் 18 இடங்களை வென்று எதிர்க்கட்சியாக அமர்ந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் கோட்டேயின் செப்புக் கூரையின் கீழ் இருந்தது நீண்ட காலம் அன்று. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழர்களின் வீடுகள் எரிந்தன. ஆகஸ்டில் ஆறாவது அரசியல் திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிப்பதில்லை என்ற உறுதிமொழியை எடுக்க மறுத்து அவர்கள் தம் இருக்கைகளை இழந்தனர். திறந்து இரண்டாண்டு நிறைவதற்குள் அந்த மண்டபத்தில் எதிர்க்கட்சித் தலைவரின் ஆசனத்திலிருந்து அமிர்தலிங்கம் போய்விட்டார். இதற்குப் பாவாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நேர்மையாகாது. எந்தப் பேரினத்திலும் முழுதாக அடங்காத குடும்பத்தில் பிறந்து, தமிழர் ஒருவரோடு தொழில் நடத்தியவர் அவர். ஆனால் தாம் பிரிக்க விரும்பாததை அரசு பிரித்தபோது, அந்த அரசுக்கு மிக அழகிய கூரையை வேய்ந்து கொடுத்தவரும் அவரே. இரண்டையும் சேர்த்தே அவரை வாசிக்க வேண்டியிருக்கிறது.

இனி நம் பக்கத்து ஆட்கள் போன இடத்துக்கு வருவோம். பாவாவின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று அப்கட்டில் ஸ்ட்ராத்ஸ்பே தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா (1959). நல்ல வீடு. எந்தத் தோட்டத்திலும் துரை பங்களாவுக்குக் கீழே லயம் இருக்கும். லயம் என்ற சொல்லைக் கேட்டால் இசைதான் நமக்கு நினைவுக்கு வரும். அங்கே அது 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஒரே நீண்ட தகரக் கூரை, அதன் கீழ் வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி, முன்னால் ஒடுங்கிய ஒரு தாழ்வாரம். சில இடங்களில் முதுகோடு முதுகாக இரட்டை வரிசை. அவற்றுக்குச் சன்னல் வைக்க வழியே இல்லை. முற்றமில்லை, ஆசாரமில்லை, காற்று மேலெழ இடமில்லை. சேலத்திலும் திருச்சியிலும் தொட்டிக்கட்டு வீடோ கூரைக் குடிசையோ, தமக்கென்று ஒரு வாசல் தெளித்துக் கோலமிட்டவர்கள் இங்கே அடுத்த வீட்டாரின் சுவரில் தலை சாய்த்தார்கள். தீவில் மிகப் பரவலாகக் காணப்பட்ட கட்டட வகைகளுள் இதுவும் ஒன்று. எந்த மண்ணிலும் வேர்விடக் கூடாது என்று திட்டமிட்டே கட்டியது போன்ற கட்டடம். மண்சார்ந்த கட்டடக்கலையின் வரலாற்றை எழுதுவோர் அதை அளந்து வரைந்திருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

ஆக்னஸ் தி சில்வா கேட்டுப் பெற்றுத் தந்த வாக்குரிமையின் பிற்கதையையும் சொல்லிவிடுகிறோம். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949-இல், அவருடைய மகள் கண்டிச் சரிவில் கருணாரத்ன இல்லத்தைத் தொடங்கிய அதே ஆண்டில், தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களுடைய வாக்கையும் பறித்தது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பத்தாண்டுகள் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கடைசியாக எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல், பாவா மறைந்த ஆண்டிலேயே, நிறைவேறியது.

ஈனா தி சில்வாவின் கொழும்பு வீடு 2009-இல் விற்கப்பட்டபோது, அதைக் கல் கல்லாக, கதவு கதவாகப் பிரித்து, எண்ணிட்டு, பெந்தோட்டைக்குக் கொண்டுசென்று லுனுகங்கவில் மீண்டும் கட்டினார்கள். 2016 வரை அப்பணி நீடித்தது. அதற்கடுத்த ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, மலையகத்தில் இந்திய உதவியோடு ஏற்கெனவே கட்டப்பட்டுவந்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் சேர்க்கப்படும் என்று அறிவித்தார். ஒவ்வொன்றும் ஏழு பேர்ச் நிலத்தில், 550 சதுர அடியில், தனி வீடு. லயத்தைப் போலப் பொதுச்சுவர் கிடையாது, நான்கு பக்கமும் சன்னல் வைக்கலாம்.